பதினேழாம் பிளாக்கில் ஒரு மண்கோட்டை

எனக்கு வாய் சும்மா இருக்காது. ஹைவே சிக்ஸில் எவனாவது இண்டிகேட்டர் போடாமல் குறுக்கே நுழைந்தால், கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கரூர் பாஷையில் அவன் பரம்பரைக்கே அர்ச்சனை நடத்திவிடுவேன். பக்கத்து சீட்டில் வரும் கிருபைராஜ் அண்ணன் முன்னால் போகிற லாரியையே பார்த்துக்கொண்டிருப்பார். "அவனுக்கு கேக்கவா போவுது செழியா? ஒனக்குத்தான் பிரஷர் ஏறும்" என்பார். இப்படி ஊருக்கே கேட்கிற வாய், திறந்தே ஆக வேண்டிய ஒரு வெள்ளிக்கிழமை திறக்கவில்லை. அதனால்தான் அவரைப் பற்றி எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அண்ணனுக்கு ஊர் நாசரேத், தூத்துக்குடிப் பக்கம். சர்வே டிப்ளமா முடித்துவிட்டு வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தவர். பிறகு ஹைதராபாத்தில் கம்ப்யூட்டர் மேப் வேலை, அங்கிருந்து டெக்சாஸ். சுகர் லேண்டில் நாங்கள் இருவரும் வேலை பார்த்த மேப்பிங் கம்பெனியில் அவருக்குப் பதினொரு வருஷம், எனக்கு நாலு. இரண்டு பேருமே எச்-ஒன்-பி விசா. கிரீன் கார்டு வரிசையில் அவர் நிற்க ஆரம்பித்தபோது அவர் மகள் பிரீத்தா எலிமென்டரி ஸ்கூலில் இருந்தாள். அவள் ஹைஸ்கூல் கடைசி வருஷத்துக்கு வந்துவிட்டாள், வரிசை நகர்ந்தபாடில்லை.

மத்தியானம் அவருக்குக் கருவாட்டுக் குழம்பு இல்லாமல் இறங்காது. ஆபீஸ் மைக்ரோவேவில் ஒரே ஒரு முறை அதைச் சூடு பண்ணினார். பத்தே நிமிஷத்தில் ஹெச்.ஆர். மெயில் வந்தது. அன்றிலிருந்து பார்க்கிங் லாட்டில், காரின் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டு, நூறு டிகிரி வெயிலில் உட்கார்ந்து சாப்பிடுவார். நானாக இருந்தால் அந்த ஹெச்.ஆர். அம்மாவிடம் சண்டைக்குப் போயிருப்பேன். அவர், "மணம் எல்லாருக்கும் பிடிக்கணும்னு இருக்கா?" என்று கேட்டுவிட்டுக் கை கழுவப் போய்விட்டார்.

எங்கள் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். விமானம் ஒன்று மேலே பறந்தபடி கீழே லேசர் அடிக்கும். அது எதில் பட்டுத் திரும்புகிறதோ அதெல்லாம் ஒரு புள்ளியாகப் பதிவாகும். இலை, கூரை, கார், மாடு, மண் எல்லாம் கலந்து கோடிக்கணக்கான புள்ளிகள் வந்து சேரும். மரத்தையும் வீட்டையும் கழித்துவிட்டு, வெறும் தரையை மட்டும் எடுத்துக் கொடுக்க வேண்டும். தரை கூட்டுகிற வேலை என்போம். அதில் அண்ணனை அடிக்க ஆள் கிடையாது. அடர்ந்த காட்டுக்கு அடியில் டிராக்டர் டயர் போன தடத்தைக்கூட எடுத்துக் காட்டுவார்.

இரண்டு வருஷத்துக்கு முந்தைய டிசம்பரில் இங்கிலாந்திலிருந்து ஒரு வேலை வந்தது. வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஒரு பள்ளத்தாக்கு. வெள்ளம் வந்தால் தண்ணீரைத் தேக்க அங்கங்கே பெரிய குளங்கள் வெட்டப் போகிறார்கள். எங்கே வெட்டலாம் என்று பார்க்கத் தரைப்படம் வேண்டும். பள்ளத்தாக்கைப் பிளாக் பிளாக்காகப் பிரித்திருந்தார்கள். அண்ணன் எல்லாவற்றையும் முடித்துவிட்டார், பதினேழாம் பிளாக் மட்டும் பாக்கி. அடுத்த திங்கட்கிழமை டெலிவரி.

அந்த வாரம் அவருக்குக் கேரல் ரவுண்ட்ஸ். ஹூஸ்டன் தமிழ்ச் சபைக்காரர்கள் டிசம்பரில் பேர்லேண்ட், கேட்டி என்று வீடு வீடாகப் போய்ப் பாடுவார்கள். அண்ணன்தான் டிரம். வருஷா வருஷம் அதற்கென்று நாலு நாள் லீவு எடுப்பார். தரை பிரிக்கிற சாஃப்ட்வேரின் லைசென்ஸ் அவர் கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருந்தது. "அந்த ஒரு பிளாக்க மட்டும் ஓட்டிருடே" என்று சொல்லிப் பாஸ்வேர்டையும் கொடுத்துவிட்டுப் போனார். கொடுக்கக் கூடாதுதான். நம் ஆட்களில் யார் கொடுக்காமல் இருந்திருக்கிறார்கள்?

அவர் சீட்டில், அவர் லாகினில் உட்கார்ந்தேன். தரையையும் மற்றதையும் பிரிக்க ஊருக்கு ஏற்ற செட்டிங் உண்டு. மலைப்பாங்கான இடத்துக்கு அண்ணன் தனியாக ஒரு செட்டிங் வைத்திருந்தார். ஒரு பிளாக் ஓடி முடிய அரை நாள் ஆகும். எனக்குப் பொறுமை ஏது? சுகர் லேண்ட் வடிகால் வேலைக்கு வைத்திருந்த சமதரை செட்டிங்கைப் போட்டேன். நாற்பது நிமிஷத்தில் முடிந்தது. எங்கள் ஊரில் மேடு என்றால் ஃப்ரீவே பாலம்தான். அதனால் அந்த செட்டிங்குக்கு, திடீரென்று செங்குத்தாக எது எழும்பி நின்றாலும் அது தரை இல்லை, கட்டடம். வெட்டி எறிந்துவிட்டு மேலே சமமாகத் தைத்துவிடும்.

அதோடு நிறுத்தியிருந்தாலாவது பரவாயில்லை. என் பிளாக் வழவழவென்று இருந்தது. சுற்றியிருந்த அண்ணனுடைய ஆறு பிளாக்குகள் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் சொரசொரவென்று தெரிந்தன. ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி இருக்கிறதே, கிளையன்ட் கேள்வி கேட்பானே என்று அந்த ஆறையும் அதே செட்டிங்கில் திரும்ப ஓட்டி, அவருடைய வேலைக்கு மேலேயே சேவ் பண்ணிவிட்டேன். ஏழும் ஒரே மாதிரி வந்தன. எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். திங்கட்கிழமை வந்த அண்ணன், "எல்லாம் ஓகேவாடே?" என்றார். "சூப்பரா போயிடுச்சுண்ணே" என்றேன். சரிபார்த்தேன் என்ற இடத்தில் திறந்துகூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுவிட்டார். ஆறைத் திரும்ப ஓட்டியதை நான் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாகவே அப்போது தோன்றவில்லை.

அடுத்த செப்டம்பரில், ஒரு வியாழக்கிழமை அண்ணனுக்கு இங்கிலாந்திலிருந்து மெயில் வந்தது. எழுதியவர் ஹேசல் என்ற ஓய்வுபெற்ற டீச்சர். உள்ளூர் வரலாற்றுச் சங்கத்தில் இருக்கிறார். எங்கள் கிராமத்துக் காட்டுக்குள் ஒரு மேடு இருக்கிறது, சின்னப் பெண்ணாக இருந்தபோது அதன் மேல் ஏறி விளையாடியிருக்கிறேன், உங்கள் படத்தில் அந்த இடம் மேஜை மாதிரி இருக்கிறதே, எப்படி என்று கேட்டிருந்தார். திங்கட்கிழமை மண்வெட்டும் இயந்திரங்கள் அங்கே வரப்போகின்றனவாம்.

அண்ணன் விமானம் கொடுத்த ஒரிஜினல் புள்ளிகளை எடுத்து, தன்னுடைய செட்டிங்கில் ஓட்டினார். மத்தியானம் மூன்று மணிக்கு என்னைக் கூப்பிட்டார். குரலே சரியில்லை. போய்ப் பார்த்தேன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மரங்களைக் கழித்த பிறகு, திரை நடுவில் கவிழ்த்து வைத்த அண்டா மாதிரி ஒரு வட்ட மேடு நின்றது. ஏழு மீட்டர் உயரம். உச்சி தட்டையாக இருந்தது. சுற்றிலும் அகழி. அகழிக்கு அந்தப்பக்கம் முந்திரிப் பருப்பு வடிவத்தில் ஒரு முற்றம், அதைச் சுற்றி ஒரு மண் கரை. இயற்கையாக எந்த மேடும் இப்படி இருக்காது. யாரோ அளந்து, ஆள் வைத்துக் குமித்தது.

"கோட்டைடே" என்றார் அண்ணன்.

"என்னண்ணே வெளாடுறீங்களா? செஞ்சிக் கோட்டைய பாத்தவன் நான். மண்ண குமிச்சு வச்சா கோட்டையா?"

"மெயில் கடைசியில அந்தம்மா எழுதியிருக்காங்க பாரு. ஆயிரத்து நூறு வாக்குல உள்ளது. அன்னைக்கு அங்க கல்லுல கட்டுததுக்கு நேரமில்ல. புதுசா வந்த பிரபு ஊர்க்காரங்கள புடிச்சு பள்ளம் தோண்ட வச்சு, அந்த மண்ணையே மேடா குமிச்சு, மேல மரத்துல கோபுரம் வச்சிருக்கான். கீழ முற்றத்துல குதிர, அடுப்படி, ஆளுக. எந்த ஏட்டுலயும் இந்த எடம் இல்லையாம். அதுக்கப்புறம் எவனும் கை வைக்கவும் இல்ல."

பிறகு அவர், ஒவ்வொரு பிளாக்கும் எந்தத் தேதியில், எந்த செட்டிங்கில் ஓடியது என்ற பதிவைத் திறந்தார். பதினேழாம் பிளாக், டிசம்பர், சமதரை செட்டிங், லாகின் கிருபைராஜ்.  அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும். பதினேழை மட்டும் பார்த்துவிட்டுப் பதிவை மூடினார். மற்ற ஆறும் தன் கையால் ஓட்டியது என்றுதான் அவர் நினைப்பு. அதற்குக் கீழே இருந்த ஆறு வரிகள் எனக்கு மட்டும்தான் தெரியும்.

சாயங்காலம் காரில் நான் ஒரே பிடியாகப் பிடித்தேன். "அண்ணே, கண்டுக்காம விட்டுருங்க. வேலை போனா அறுபது நாள்தான். அறுபது நாள்ல வேற வேலை கிடைக்கலன்னா பெட்டியக் கட்டணும். பிரீத்தாவ நெனச்சுப் பாருங்க. எங்கயோ இருக்கற மண்ணு மேட்டுக்காகவா?"

அவர் முன்னால் போகிற லாரியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "மேடு மட்டும் இல்லடே" என்றார். "அத குமிக்கதுக்கு முன்ன அங்க வயக்காடு இருந்திருக்கும்லா. ஏர் ஓட்டுன தடம், வெதச்ச வெத, எல்லாம் அப்படியே மூடிக் கெடக்கும். தொள்ளாயிரம் வருஷமா வெயில் படாத தரை. அகழிச் சேத்துல மரம், தோல் எதுவும் மக்காதாம். நான் பதினோரு வருஷமா தரை தரைன்னு தேடுதேன். இது தரைக்கும் கீழ உள்ள தரை. என் கையெழுத்தால அத தோண்டி எறியப் போறான்னு தெரிஞ்சுகிட்டு சும்மா இருக்கணுங்கியா?"

"நாளைக்கு என்ன சொல்லப் போறீங்க?"

"செட்டிங் தப்புன்னு சொல்லுவேன். யாரு ஓட்டுனதுன்னு அவரு கேப்பாரு. நீயும் ரூம்லதான இருப்ப" என்றார். ஃப்ரீவேயில் ஒருவன் என்னை உரசுகிற மாதிரி முந்திப் போனான். எனக்குத் திட்டத் தோன்றவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணி. மேனேஜர் அச்சுதன் கம்பெனியின் ஈஸ்ட் பிரன்ஸ்விக் ஆபீஸிலிருந்து மாற்றலாகி வந்த தமிழர். கதவைச் சாத்திவிட்டால் தமிழில்தான் பேசுவார். படத்தைப் பார்த்ததும் அவர் முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

"இத யாரு ரன் பண்ணது?"

"லாகின் என்னுது சார். செக் பண்ணாம சைன் பண்ணுனதும் நான்தான்" என்றார் அண்ணன்.

"அது தெரியுது. ரன் பண்ணது யாரு? இந்த செட்டிங்க நீங்க போட மாட்டீங்களே கிருபை."

அண்ணன் பதில் சொல்லவில்லை. அச்சுதன் என் பக்கம் திரும்பினார். "செழியன், உனக்கு எதாவது தெரியுமா?"

வீட்டில் இருக்கிற என் கைக்குழந்தை ஞாபகம் வந்தது. வீட்டு லோன், விசா தேதி எல்லாம் வந்தது. "தெரியாது சார்" என்றேன். என் குரல் எனக்கே கேட்டது. அதைச் சொன்ன ஆள் நான்தானா என்று அதிர்ந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

"சரி, சுத்தி இருக்கற பிளாக்ஸ்? அதுலயும் இதே ப்ராப்ளமா?"

"இல்ல சார். அது ஆறும் நான் உக்காந்து மலை செட்டிங்ல ஓட்டுனது. அத நம்பலாம்" என்றார் அண்ணன். சொன்னது கிருபைராஜ் என்பதால் அச்சுதன் திறந்துகூடப் பார்க்கவில்லை. அண்ணன் முன்னாலேயே கிளையன்ட்டுக்குக் கடிதம் அடித்தார். பிழை ஒரு பிளாக்கில் மட்டும், பக்கத்துப் பிளாக்குகள் சரி. நான் மேஜையில் இருந்த காபிக் கறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேட்டுக்குப் பக்கத்திலேயே இன்னொரு மேட்டை எவன் கட்டுவான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

திரும்பிப் போகும்போது கேட்டேன். "என் பேர ஏண்ணே சொல்லல?"

"நீயே சொல்லுவன்னு பாத்தேன்" என்றார். அவ்வளவுதான். அப்புறம் வீடு வரும்வரை ரேடியோ ஓடியது.

திங்கட்கிழமை அந்தக் காட்டுக்குள் இயந்திரம் போகவில்லை. ஹேசல் மெயிலில் பெரிய எழுத்தில் நன்றி எழுதியிருந்தார். கிளையன்ட் ஆடிய ஆட்டத்தில் இரண்டு வாரத்தில் அண்ணனுக்கு வேலை போனது. அறுபது நாளில் அவர் அலையாத அலைச்சல் இல்லை. ஐம்பத்தொரு வயது ஆளுக்கு, அதுவும் இப்படி ஒரு காரணத்தோடு வெளியே வந்தவருக்கு, யார் விசா போட்டுக் கொடுப்பார்கள்? டிசம்பரில் ஏர்போர்ட்டுக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். பிரீத்தா பின்சீட்டில் அழுதுகொண்டே வந்தாள். "ஐ ஹேட் ஜஸ்ட் ஒன் செமஸ்டர் லெஃப்ட், அங்கிள்" என்றாள். அண்ணன் மனைவி அவளை அணைத்துக்கொண்டார்.  அப்போதும் நான் வாய் திறக்கவில்லை.

அவர் சீட் எனக்கு வந்தது. அந்த ஆறு பிளாக்குகளும் அதே கம்ப்யூட்டரில்தான் இருந்தன. நான் ஒரு நாளும் திறக்கவில்லை. பார்த்தால் சொல்ல வேண்டி வரும். அதனால் பார்க்கவே இல்லை.

இந்த ஜூலையில் அண்ணனின் பழைய ஆபீஸ் முகவரிக்கு ஹேசல் எழுதிய மெயில், அவர் சீட்டில் இருந்த எனக்கு வந்து சேர்ந்தது. பல்கலைக்கழகத்துக்காரர்கள் ஒரு சின்னக் குழி மட்டும் போட்டுப் பார்த்தார்களாம். அகழிச் சேற்றில் கோடரி வெட்டு மாறாத மரக்கம்பம் கிடைத்திருக்கிறது. ஒரு குழந்தையின் செருப்பின் தோல், கருகிய கோதுமை. மேட்டுக்கு அடியில் ஏர் தடங்கள் வரிவரியாக இருந்தனவாம். அந்தப் பக்கத்தில் கோட்டைக்கு முந்தைய வயல் அப்படியே கிடைப்பது இதுதான் முதல் தடவை என்று எழுதியிருந்தார்.

ஏழு மாதமாக நான் அவருக்குப் போன் பண்ணவில்லை. அன்று காலை எட்டு மணிக்குக் கூப்பிட்டேன். நாசரேத்தில் சாயங்காலம். ஊரில் தனியார் சர்வேயராக வயலும் தோட்டமும் அளந்துகொண்டிருக்கிறார். மெயிலை வாசித்துக் காட்டினேன்.

"ஏர் தடம் இருக்காமா? நெசமாவா? இன்னொருக்கா வாசி" என்றார். மூன்று முறை வாசிக்க வைத்தார். குழந்தைச் செருப்பு எந்தக் காலுக்கானது என்று கேட்டார், எனக்குத் தெரியவில்லை. குரலில் அப்படி ஒரு சந்தோஷம். கடைசியில் சொன்னார். "ஒண்ணு மட்டும் கர்த்தர் கிருபைடே. சுத்தி இருந்த ஆறும் நான் ஓட்டுனது. அதுவும் தப்பா போயிருந்தா எனக்கு இந்த ஜென்மத்துக்கு ஒறக்கம் வந்திருக்காது."

 ஏதோ சொல்லி போனை வைத்தேன்.

ஒரிஜினல் புள்ளிகளை எடுத்து, அவருடைய செட்டிங்கில் ஆறையும் ஓட்டினேன். மூன்று நாள் ஆனது. ஐந்தில் ஒன்றும் இல்லை. பன்னிரண்டாம் பிளாக்கில், ஓடைக்கரையில் ஒரு சின்ன மேடு. மூன்று மீட்டர் உயரம். சுற்றி அகழி. பக்கத்தில் அதே முந்திரி வடிவ முற்றம், சின்னதாக. கிளையன்ட்டின் வேலைப் படங்களைத் திறந்தேன். மே மாதத்துப் படம். ஓடைக்கரை முழுக்கச் சிவப்பு மண்ணாகச் சீவி எடுத்து, நேர்த்தியான ஒரு பெரிய குளம் வெட்டி முடித்திருந்தார்கள். கீழே பன்னிரண்டு என்று எழுதியிருந்தது.

ஐயோ என்று வாய்விட்டே கத்திவிட்டேன். பக்கத்து கியூபிக்கிளிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். செப்டம்பரில் அந்த அறையில் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அதற்குப் பிறகு எட்டு மாதத்தில் ஏதாவது ஒரு நாள் சொல்லியிருந்தால் போதும், அது நின்றிருக்கும். இப்போது அந்தக் கோட்டை உலகத்தில் இருக்கிற ஒரே இடம் என் ஹார்ட் டிஸ்க்.

அடுத்த நாள் காலை மறுபடி அவரைக் கூப்பிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். ஆறையும் திரும்ப ஓட்டியது, அறையில் வாயை மூடியது, மே மாதத்துக் குளம் எல்லாம்.  லைன் போய்விட்டதோ என்று "அண்ணே, அண்ணே" என்றேன்.

"எவ்வளவு உசரம் இருந்துச்சு?" என்று கேட்டார்.

"மூணு மீட்டர்ண்ணே."

"மூணு மீட்டர்" என்றார்.  பிறகு அவர் குரல் உடைந்தது. இத்தனை வருஷத்தில் நான் கேட்டறியாத குரல். "எனக்கு வேலை போனது போவட்டும்டே. பிள்ள படிப்பு பாதியில நின்னுது, அதக்கூட தாங்கிட்டேன். நான் சொன்னேன்னு நம்பி அவனுக வெட்டியிருக்கானுவ. அத நம்பலாம்னு நான்லா சொன்னேன்."

"அண்ணே, மன்னிச்சிருங்க..."

போனை வைத்துவிட்டார். திரும்ப அடித்தேன், எடுக்கவில்லை. அப்புறம் இன்றுவரை எடுக்கவில்லை.

பன்னிரண்டாம் பிளாக்கை லேப்டாப்பில் திறந்து வைத்தபடி எடுத்துக்கொண்டு அச்சுதன் அறைக்குப் போனேன். கதவைச் சாத்தினேன். அவர் நிமிர்ந்து பார்த்தார்.

"சார், யாரு ரன் பண்ணதுன்னு அன்னைக்கு கேட்டீங்கல்ல" என்றேன்.